கடைசியாகத் தெரிந்துகொண்டவள்

பிப்ரவரி 8

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நீங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்பது கவரைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. உங்கள் கையெழுத்தில் முழுதாக ஒரு பக்கம்கூட நான் இதுவரை பார்த்ததில்லை. இப்போது நான்கு பக்கம். போனில் ‘ம்’, ‘சரி’, ‘வெச்சிடவா’ என்கிற மூன்றையும் தாண்டாத மனுஷன், எழுதச் சொன்னால் இப்படிக் கொட்டுவீர்கள் என்று தெரிந்திருந்தால் கல்யாணம் ஆன மறுவாரமே உங்களை வெளியூர் வேலைக்கு அனுப்பியிருப்பேன். ‘அப்பாவுக்குப் போன் சரிப்படாது, எழுதச் சொல்லும்மா’ என்று தீர்ப்புச் சொன்னது நம் மகள்தான். பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிவிட்டது, ஆனாலும் நம் வீட்டு நீதிபதிக்குத் தீர்ப்புச் சொல்வதில் குறைச்சல் இல்லை.

ஆனால் அந்த நான்கு பக்கத்தில் மூன்றே முக்கால் பக்கம் உங்கள் புது மேனேஜர் மேடம். மேடம் இப்படிச் சொன்னார், மேடம் அப்படிக் கேட்டார், மேடம் டீ குடிக்கும்போதுகூட எங்களோடு நிற்கிறார். கடைசியில் போனால் போகிறது என்று ‘உனக்கு இடுப்பு வலி எப்படி இருக்கிறது’ என்று ஒரு வரி. வலி அப்படியேதான் இருக்கிறது.

பழைய சலவை ஆலை எப்படி இருக்கிறது என்று கேட்டீர்களே. அதே ஆஸ்பத்திரித் துணி, அதே ஆவி, அதே கல்லுளிமங்கன். ஆறு மாதத்துக்குப் புது ஆலையைப் பார்த்துக்கொள்ள உங்களை அனுப்பிய பிறகு நம் மேனேஜருக்கு வாய் இன்னும் இறுகிவிட்டது. கண்ணாடி அறைக்குள் இருந்து அவர் எங்களைப் பார்க்கிறார், நாங்கள் அவரைப் பார்க்கிறோம், பேச்சு கிடையாது. வாயால் சொல்ல வேண்டியதை எல்லாம் தாளில் அடித்து, கையில் ஒட்டும் டேப்போடு வெளியே வந்து, பலகையில் ஒட்டிவிட்டு உள்ளே போய்விடுவார். அந்த டேப்பைப் பார்த்தாலே எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறோம்.

போன வாரம் ஒரு டாக்டர் அங்கியின் பையில் கத்தரிக்கோல் இருந்திருக்கிறது. அது அப்படியே துவைத்து, பிழிந்து, உருளை இஸ்திரி மெஷினுக்குள் போய், உருளையின் மேல்துணியைக் கிழித்துவிட்டது. மறுநாள் பலகையில், ‘கவனக்குறைவு சகித்துக்கொள்ளப்பட மாட்டாது.’ யாருடைய கவனக்குறைவு, இனிமேல் என்ன செய்ய வேண்டும், ஒன்றும் கிடையாது. உருளைக்கு முன்னால் நிற்பது நான். எல்லோரும் பலகையைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் மேடத்துக்கு என்ன வயசு? சும்மாதான் கேட்கிறேன்.

இதைச் சனிக்கிழமை சோப்புத்தூள் வண்டியில் கொடுத்தனுப்புகிறேன். ஓட்டுநருக்கு நாம் ‘வானொலி’ என்று பேர் வைத்தது வீண்போகவில்லை, இரண்டு ஆலைக்கும் சேர்த்து இப்போது அவர்தான் செய்தி வாசிக்கிறார். அதனால் கவரை இரண்டு தடவை ஒட்டியிருக்கிறேன்.

இப்படிக்கு,
கவனக்குறைவானவள்


பிப்ரவரி 15

என் அன்பான கவனக்குறைவுக்கு,

மேடத்துக்கு ஐம்பத்தெட்டு வயசு. இரண்டு முழங்காலிலும் வலி. பேத்திக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கிறார். போதுமா?

நீ கிண்டல் செய்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இங்கே காலையில் மெஷின் ஓடுவதற்கு முன்னால் நாற்பது பேரும் மடிப்பு மேஜையைச் சுற்றி நிற்க வேண்டும். மேடம் மூன்று விஷயம் சொல்வார். நேற்று என்ன நடந்தது, இன்று என்ன நடக்கப்போகிறது. மூன்றாவதுதான் எனக்கு அதிசயம். தனக்கு என்ன தெரியாது என்று சொல்வார். ‘அடுத்த மாசம் ஓவர்டைம் இருக்குமான்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்ச அன்னைக்கே உங்களுக்குச் சொல்றேன்.’ ஒரு மேனேஜர் தனக்குத் தெரியாது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அதற்கப்புறம் ‘யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?’ என்று கேட்டுவிட்டு, நிஜமாகவே காத்திருப்பார்.

போன வாரம் நானும் வாயைத் திறந்தேன். அழுக்குத் துணி பிரிக்கும் மேஜையின் ஓரத்தில் நீளமாக ஒரு காந்தப் பட்டை வைத்தால் கத்தரிக்கோல், ஊக்கு எல்லாம் அங்கேயே ஒட்டிக்கொள்ளும் என்றேன். இரண்டே நாளில் காந்தம் வந்துவிட்டது. ‘இது நம்ம சூப்பர்வைசர் சொன்ன யோசனை’ என்றார் மேடம். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பாய்லர் படுத்துவிட்டது. மணி அடித்தும் ஒருவரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை. யாரும் இருக்கச் சொல்லவும் இல்லை. அங்கே மணி அடிப்பதற்கு முன்பே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற ஆள் நான். இங்கே பாய்லருக்கு அடியில் படுத்துக்கொண்டு டார்ச் பிடித்தேன். எனக்கே என்னை அடையாளம் தெரியவில்லை.

இடுப்புக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். மகளைத் தேய்த்துவிடச் சொல்.

அன்புடன்,
உன்னுடையவன்


பிப்ரவரி 22

மதிப்பிற்குரிய சூப்பர்வைசர் அவர்களுக்கு,

கைதட்டல் வாங்கியதற்கு வாழ்த்து.

அந்தக் காந்தம் யாருடைய யோசனை என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நம் தெருமுனைத் தையல்காரர் கீழே விழுந்த ஊசியைக் காந்தத்தால் பொறுக்குவதைப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிடும்போது உங்களிடம் சொன்னது யார்? நீங்கள் அப்போதும் ‘ம்’ என்றீர்கள். அதையே நான் கல்லுளிமங்கனிடம் போய்ச் சொன்னேன். ‘பார்க்கலாம்’ என்றார். மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இப்போது என் யோசனை அங்கே கைதட்டல் வாங்குகிறது, நான் இங்கே கவனக்குறைவு பட்டம் வாங்குகிறேன்.

எனக்குப் பொறாமைதான். ஒளித்துவைக்கவில்லை. ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. மேடம் உங்களைக் கொத்திக்கொண்டு போய்விடுவார் என்று எனக்குப் பயமே கிடையாது, உங்களை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்யப்போகிறார். அப்படி ஒரு மேடம் எனக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் வயிறு எரிகிறது. காலையில் நாற்பது பேரோடு நின்று, ‘இன்னைக்கு இதுதான் நடக்கப்போகுது’ என்று ஒருவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லமாட்டாரா என்று இருக்கிறது.

முன்பெல்லாம் உருளையில் ஒரு படுக்கை விரிப்பு கிழிசலோடு வந்தால் தனியே எடுத்துவைப்பேன், தையலுக்கு அனுப்புவேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை. அந்தத் தாளை ஒட்டிய நாளிலிருந்து கிழிசல் வந்தால் மடித்து அனுப்பிவிடுகிறேன். போகட்டும், யார் வீட்டுச் சொத்து. நேற்று அதையே பக்கத்து மேஜைக்காரியிடம் சொன்னபோது, எனக்கே என் குரல் பிடிக்கவில்லை.

தைலம் வந்தது. நல்ல காட்டம்.

இப்படிக்கு,
காந்தத்தின் உண்மையான சொந்தக்காரி


மார்ச் 1

என் காந்தமே,

சிரிக்காதே, வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

நீ சொன்னது சரி. சத்தியமாக நினைவில்லாமல்தான் என் யோசனை என்று நினைத்துவிட்டேன். திங்கட்கிழமை கூட்டத்தில் எழுந்து, ‘மேடம், காந்தம் என் சொந்த யோசனை இல்லை, வீட்டுக்காரி சொன்னது’ என்றேன். மேடம் சிரித்துவிட்டு, ‘அப்ப கைதட்டலைத் திருப்பிக் குடுங்க’ என்றார். நாற்பது பேரும் உனக்காக மறுபடி கைதட்டினார்கள். நீ கேட்டிருக்க வேண்டும்.

‘அந்த அம்மாவை இங்க கூட்டிவரக் கூடாதா?’ என்று உன்னைப் பற்றி மேடம் கேட்டார். மகளுக்குப் பரீட்சை முடிந்ததும் வருகிறாயா? மடிப்பு மேஜையில் ஆள் தேவைப்படுகிறது. ஜன்னல் பக்கமாக இடம், வெளிச்சம் நன்றாக வரும். ஒரு வார்த்தை சொல், நான் பேசுகிறேன்.

கிழிசல் துணியை அனுப்பாதே. யாரோ ஒரு நோயாளி அதில் படுக்க வேண்டும்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
கைதட்டலைத் திருப்பிக் கொடுத்தவன்


மார்ச் 8

உங்களுக்கு,

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள்.

போன சனிக்கிழமை உங்கள் கடிதத்தை மத்தியானம் படித்தேன். ஜன்னல் பக்கம் இடம் என்று படித்ததும் மனசு அங்கே ஓடிவிட்டது. சாயங்காலமே பரண்மேல் இருந்து பெரிய பெட்டியை இறக்கித் துடைத்துவைத்தேன். ‘இன்னும் பரீட்சையே ஆரம்பிக்கலை, அதுக்குள்ள பெட்டியா’ என்று மகள் சிரித்தாள். அவ்வளவு ஆசை எனக்கு.

வழக்கமான சனிக்கிழமைக்கு முன்பே, நேற்று வானொலி கூடுதல் மூட்டை இறக்க வந்தார். மடிப்பு மேஜையில் இருந்த அத்தனை பேரும் கேட்க, ‘அக்கா, வாழ்த்து. அண்ணன் அங்கேயே நிரந்தரமாயிட்டாராமே, வீடுகூடப் பார்த்தாச்சாமே’ என்றார். எல்லோருடைய கையும் அப்படியே நின்றுவிட்டது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ‘ஆமா, தெரியுமே’ என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தச் சிரிப்பை முகத்தில் பிடித்துவைத்துக்கொண்டே நடந்து, துணிக் கிடங்குக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டேன்.

பதினைந்து நாளாகிவிட்டதாம் நீங்கள் கையெழுத்துப் போட்டு. காலைக் கூட்டத்தில் சொன்னீர்களாம். அதற்கும் கைதட்டினார்களாம். முதலில் நாற்பது பேர், அப்புறம் சோப்புத்தூள் ஓட்டுநர், அப்புறம் இங்கே மடிப்பு மேஜை முழுக்க, அதற்கும் அப்புறம் நான். உங்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவள்.

நீங்கள் அங்கே இருக்க விரும்புவதில் எனக்குக் கோபம் இல்லை. நல்ல இடம் என்றால் யாருக்குத்தான் விட மனசு வரும். அந்த நாற்பது பேர்மேல்தான் எனக்கு ஆத்திரம். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று அவர்களுக்குத் தெரியும். சந்தோஷமாக இருந்தீர்களா, குரல் நடுங்கியதா, எனக்குத் தெரியாது. அந்த முகம் எனக்குச் சேர வேண்டியது.

கல்லுளிமங்கன் என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் பேர் வைத்தோம். அதை ஒருவருக்கு மட்டும் வைத்தது தப்பு. அவராவது பலகையில் ஒட்டுவார்.

பெட்டியைத் திரும்பப் பரண்மேல் ஏற்றவில்லை. எனக்கு இடுப்பு வலி. அங்கேயே கிடக்கிறது.

கையெழுத்துப் போடப் பிடிக்கவில்லை.


மார்ச் 15

அன்புள்ளவளுக்கு,

எந்தச் சாக்கும் எடுபடாது என்று தெரியும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நிரந்தரமாக இருக்கச் சம்மதமா என்று மேடம் கேட்டபோது, எனக்குத் தலைகால் புரியவில்லை. சரி என்றேன். ‘வீட்ல கலந்துகிட்டீங்கல்ல?’ என்று கேட்டார். ‘சொல்லிட்டேன் மேடம்’ என்று பொய் சொன்னேன். மறுநாள் கூட்டத்தில் ‘யாருக்காவது ஏதாவது சொல்லணுமா’ என்று அவர் கேட்க, வாயிலிருந்து வந்துவிட்டது. உனக்கு எழுத உட்கார்ந்தபோது மட்டும் பேனா நகரவில்லை. நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். வருகிறாயா என்று முதலில் கேட்டு, நீ சரி என்றதும் மற்றதைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அது கோழைத்தனம்.

இன்னொன்றும் இருக்கிறது. கோபப்படாதே. இங்கே தினமும் கேட்கிறார்கள். நம் வீட்டில் நான் உள்ளே நுழையும்போதே அன்றைய செய்தி முழுவதும் உன்னிடம் தயாராக இருக்கும். நான் கேட்பேன். எனக்கு அது பிடிக்கும். கேட்டுக் கேட்டே பழகிவிட்டேன். ஆனால் எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நீ கேட்டுக் காத்திருந்ததாக எனக்கு ஒருநாளும் நினைவில்லை. உன்மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. இந்த வரிகளை அடித்துவிடலாம் என்று பார்த்தேன், பிறகு இதையும் மறைத்தால் எதற்கு எழுதுகிறேன் என்று விட்டுவிட்டேன்.

மன்னித்துவிடு.

உன்,
இரண்டாவது கல்லுளிமங்கன்


மார்ச் 22

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடைசிப் பத்தி சுருக்கென்று தைத்தது. இரண்டு நாள் உங்களைத் திட்டித் தீர்த்தேன். அப்புறம் மகளிடம், ‘நான் அப்படியாடி, உங்கப்பாவைப் பேசவே விடுறதில்லையா?’ என்று கேட்டேன். நீதிபதி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் ‘ஆமாம்’ என்றாள். மேல்முறையீட்டுக்கு எனக்கு இடம் இல்லை.

ஆனால் உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே இங்கே ஒன்று நடந்துவிட்டது. கிடங்கில் அழுதேனே, அதற்கு அடுத்த திங்கட்கிழமை. கல்லுளிமங்கன் டேப்போடு வெளியே வந்தார். ‘ஏப்ரல் முதல் வேலை நேரத்தில் மாற்றம் செய்யப்படும்’ என்று ஒட்டிவிட்டு உள்ளே போனார். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. உருளையை நிறுத்திவிட்டு அவர் பின்னாலேயே கண்ணாடி அறைக்குள் போனேன். ‘எல்லாரும் தெரிஞ்சுகிட்டப்புறம் கடைசியா எனக்குத் தெரியணுமா? நான் ஒரு ஆளாவே கண்ணுக்குத் தெரியலையா?’ என்றேன். உங்களைக் கேட்க வேண்டியது. நீங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை, அவர் இருந்தார்.

மனுஷனுக்கு முகம் வெளுத்துவிட்டது. தான் மறைத்துவைத்திருந்தது எல்லாம் எனக்குத் தெரிந்துவிட்டது, அதைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார். எழுந்து நின்று, ‘யார்கிட்டயும் சொல்லலைம்மா. முதல்ல உங்ககிட்டத்தான் சொல்றேன்’ என்றார்.

அப்புறம் அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். குழந்தைகள் ஆஸ்பத்திரி ஒன்றின் துணி முழுக்க நம் ஆலைக்கு வருகிறது. இரண்டாவது உருளை வருகிறது. அந்தப் பகுதிக்கு என்னைச் சூப்பர்வைசராகப் போட வேண்டும் என்று மேலிடத்துக்கு அவர் எழுதி இரண்டு மாதம் ஆகிறதாம். நடக்காமல் போனால் எல்லோருக்கும் ஏமாற்றமாகிவிடுமே என்று வாயைத் திறக்கவில்லையாம். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இஸ்திரி போட்ட ஒரு தலையணை உறையை எடுத்துக் கண்ணைத் துடைக்கக் கொடுத்தார்.

சூப்பர்வைசர் வேலைக்காக அழுததாக அவர் நினைத்திருப்பார். அதற்காக இல்லை. ‘முதல்ல உங்ககிட்டத்தான் சொல்றேன்.’ இந்த வயசுவரை அந்த வாக்கியத்தை என்னிடம் யாரும் சொன்னதில்லை. அவரும் பயத்தில் உளறியதுதான், தெரியும். இருந்தாலும் அதற்கு நான் விழுந்துவிட்டேன்.

இரண்டு வாரம் யோசித்துவிட்டு, அதே திங்கட்கிழமை பதில் சொல்கிறேன் என்றேன். அதற்கு முன்னால் ஒரு நிபந்தனை போட்டேன், டேப்பை மேஜைக்குள் வைத்துவிட்டுக் காலையில் வெளியே வந்து வாயால் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை வந்தார். வேர்த்துக் கொட்டியது. நான்கு வாக்கியம் பேசினார். ‘நேர மாத்தம் எப்படி இருக்கும்னு எனக்கே இன்னும் முழுசாத் தெரியலை’ என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார், உங்கள் மேடத்தின் மூன்றாவது விஷயத்தை நான்தான் சொல்லிக்கொடுத்தேன். சுவர் பேசியதுபோல எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். பிறகு பக்கத்து மேஜைக்காரி ஒரு கேள்வி கேட்டாள், இன்னொருத்தி கேட்டாள், மெஷின் ஓட அரைமணி தாமதமாகிவிட்டது. அன்றைக்கு ஒரு கிழிந்த விரிப்பு வந்தது. எடுத்துத் தனியே வைத்தேன்.

வருகிற திங்கட்கிழமை சரி என்று சொல்லப்போகிறேன். அப்படியென்றால் நான் அங்கே வரவில்லை. இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை, மகளிடமும் சொல்லவில்லை. முதலில் உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்த வாக்கியத்தை நீங்கள் என்னிடம் சொல்லியிருந்தால், அங்கே வேலையே இல்லை என்றாலும் பெட்டியோடு வந்து நின்றிருப்பேன்.

உங்களுக்கு ஏதாவது சொல்லணுமா? கேட்டுவிட்டு, காத்திருக்கிறேன்.

உங்கள்,
மனைவி


ஏப்ரல் 2

அன்புள்ள உனக்கு,

வானொலி இந்தத் தடவை வெறுங்கையோடு வந்ததும் பயந்திருப்பாய். இதைத் தபாலில் போடுகிறேன். இதில் இருப்பது அவர் வாய்க்குப் போகக் கூடாது.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, பொறாமைதான் வந்தது. மேடத்தை நினைத்து வயிறு எரிகிறது என்று நீ எழுதியபோது நான் சிரித்தேன். இப்போது எனக்குக் கல்லுளிமங்கனை நினைத்தால் எரிகிறது. ஒரு தலையணை உறையைக் கொடுத்து, பயத்தில் ஒரு வாக்கியத்தை உளறி, என் பெண்டாட்டியை அங்கேயே இருக்க வைத்துவிட்டார். அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. சந்தோஷம் மூன்றாம் நாள்தான் வந்தது, ஆனால் வந்தது. நீ நல்ல சூப்பர்வைசராக இருப்பாய். கிழிந்த விரிப்பு என்ற இடத்தை இரண்டு தடவை படித்தேன்.

இன்று காலைக் கூட்டத்தில் மேடம் வழக்கம்போலக் கேட்டார். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும், என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். ‘இருக்கு மேடம். ஆனா வீட்ல சொன்னதுக்கப்புறம்தான் இங்க சொல்லணும்’ என்றேன். போன தடவை வீட்டில் சொன்னதாகச் சொன்னது பொய் என்றும் அங்கேயே சொல்லிவிட்டேன். யாரும் கைதட்டவில்லை. மேடம் தலையை ஆட்டிவிட்டு மெஷினைப் போடச் சொன்னார்.

நீ கேட்டாய், அதனால் மேடம் முறையிலேயே சொல்கிறேன்.

நேற்று, பார்த்துவைத்த வீட்டின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். நீ பார்க்காத வீட்டுக்கு நான் சரி சொல்லியிருக்கக் கூடாது.

இன்று, வாரக்கடைசிக்கு விடுப்புக் கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வருகிறேன். பெட்டி பரணுக்குக் கீழேயே இருந்தால் நான் ஏற்றிவைக்கிறேன், நீ தொடாதே.

மூன்றாவது, இங்கே இருப்பதா, திரும்பி வருவதா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த இடத்தில்தான் நான் பேசக் கற்றுக்கொண்டேன், விட மனசு வரவில்லை. நீ இல்லாத வீட்டில் பேசவும் ஆள் இல்லை. எவ்வளவு யோசித்தாலும் தெரியவில்லை. மேடத்துக்குத் தெரியாது, மகளுக்குத் தெரியாது, வானொலிக்கும் தெரியாது. தெரியவில்லை என்பதை முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன்.

உன்,
வீட்டுக்காரன்